ஜார்ஜ் டவுன் சுவரோவியங்கள் (பினாங்கு)

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய நகரப்பகுதியில், 2009-ஆம் ஆண்டுக்குப் பின் உருவான தெருவோவியங்களும் இரும்புக்கம்பிச் சித்திரங்களும் பொதுவாக ஜார்ஜ் டவுன் சுவரோவியங்கள் எனப்படுகின்றன. கடைத்தெருக்களிலும் சந்துகளிலும் உள்ள பழைய வீடுகளின் பக்கச்சுவர்களே இவற்றின் இடம். நுழைவுச்சீட்டோ காவலோ கண்ணாடிச்சட்டமோ கிடையாது. தென்கிழக்கு ஆசியாவில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்படும் தெருவோவியங்களில் இவையும் அடங்கும்.

சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் இருப்பதால் மாணவர்கள் குழம்ப வாய்ப்புண்டு. சென்னையின் பகுதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் 1911-இல் அழைக்கப்படலாயிற்று. பினாங்கின் நகரம் அதற்கு முன்பே, 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அங்கே குடியேற்றத்தை நிறுவியபோது, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைப் பெற்றது.

நகரமும் அதன் சுவர்களும்

2008 ஜூலை 7 அன்று மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மையப்பகுதி சுமார் 109 ஹெக்டேர். அதைச் சுற்றிப் பாதுகாப்பு வளையமாக மேலும் சுமார் 150 ஹெக்டேர் உள்ளது. இந்தப் பரப்பில் பெரும்பகுதி ‘கடைவீடுகள்’. கீழே கடை, மேலே குடும்பம், முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ‘ஐந்தடி’ என்னும் கூரையிட்ட நடைபாதை. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்பதால் வரிசையின் கடைசி வீட்டுக்கு மட்டும் சன்னல் இல்லாத நீளமான பக்கச்சுவர் கிடைக்கும். ஓவியர்களுக்குப் பிடித்தமானவை இந்தச் சுவர்களே.

சீனர், மலாய்க்காரர், தமிழர், அரபியர், ஆர்மீனியர் எனப் பல சமூகத்தார் இரண்டு நூற்றாண்டுகளாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த ஊர் இது. சூலியா தெருவின் பெயர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும். அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்காவும், குவீன் தெருவிலுள்ள மகாமாரியம்மன் கோயிலும் சில நிமிட நடைத் தொலைவுக்குள் இருக்கின்றன.

கம்பிச் சித்திரங்கள்

வண்ணத்துக்கு முன்னால் வந்தது கம்பி. பாரம்பரிய நகரம் என்ற தகுதி கிடைத்ததும், தெருக்களின் கதையைச் சொல்லும் கலைப்பணிக்காக மாநில அரசு 2009-இல் ஒரு போட்டி நடத்தியது. ‘ஸ்கல்ப்சர் அட் வொர்க்’ என்னும் நிறுவனம் வென்றது. கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்த படங்களைக் கறுப்பு இரும்புக்கம்பிகளால் வளைத்துச் சுவரில் பொருத்தினார்கள். மொத்தம் 52 சித்திரங்கள். ஒவ்வொன்றிலும் அந்தத் தெருவைப் பற்றிய ஒரு நகைச்சுவைத் துணுக்கு இருக்கும்.

கேனன் தெருவில் உள்ளது, 1867-இல் இரகசியச் சங்கங்களுக்கிடையே நடந்த பினாங்குக் கலவரத்தின்போது பீரங்கிக்குண்டு விழுந்து பள்ளமானதால் அத்தெருவுக்குப் பெயர் வந்த கதையைச் சொல்கிறது. முன்ட்ரி தெருவில் ஒரு வேலைக்காரப் பெண் ஒரே ஆளாகச் சமைத்து, துவைத்து, பிள்ளையும் பார்த்துக்கொள்கிறாள். ‘எல்லாவற்றையும் ஒற்றைக்காலால் உதைப்பவள்’ என்று இத்தகைய பெண்களைக் கான்டனீஸ் மொழியில் சொல்வார்கள். புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ இந்த ஊர்க் கடையொன்றில் தொழில் பழகியதற்கும் ஒரு சித்திரம் உண்டு. (முன்ட்ரி என்பது வேறொன்றுமில்லை, நம் ‘மந்திரி’தான். லாருட் பகுதியின் மந்திரியாக இருந்த மலாய்ப் பிரபுவின் பதவிப்பெயர் தெருவுக்கு வந்தது.)

வரலாற்றுப் பலகை வைத்தால் நின்று படிப்பவர் குறைவு. இந்தக் கம்பிச் சித்திரங்களை எல்லோரும் நின்று படிக்கிறார்கள். ஆனால் ஊரைப் புகழுக்குக் கொண்டுபோனவை இவை அல்ல.

2012: சைக்கிளும் இரு குழந்தைகளும்

லித்துவேனியாவில் 1986-இல் பிறந்து, லண்டனில் ஓவியம் பயின்று, பினாங்கில் தங்கியிருந்த எர்னெஸ்ட் ஜக்காரெவிச்சிடம் 2012-ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்காகச் சுவர்கள் சில ஒப்படைக்கப்பட்டன. அவர் வரைந்த தொடரில் மிகவும் அறியப்பட்டது ஆர்மேனியன் தெருவில் இருக்கிறது. சுவரை ஒட்டி உண்மையான பழைய சைக்கிள் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதை ஓட்டும் சிறுமியும், பின்னால் அவளை இறுகப் பற்றியிருக்கும் தம்பியும் ஓவியம். அக்கா முகத்தில் சிரிப்பு, தம்பி முகத்தில் பாதிச் சிரிப்பும் பாதிப் பயமும்.

உண்மைப் பொருளையும் ஓவியத்தையும் இணைக்கும் இந்த உத்திதான் தொடரின் உயிர். ஆ குவீ தெருவில் நிஜ மோட்டார் சைக்கிளின்மேல் ஓவியச் சிறுவன் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறான். கேனன் தெருவில் நிஜ நாற்காலியின்மேல் ஓவியச் சிறுவன் ஏறி நின்று சுவரிலுள்ள உண்மையான திறப்பை எட்டப் பார்க்கிறான். முன்ட்ரி தெருவில் நீல உடைச் சிறுமி இரண்டு நிஜச் சன்னல்களின் மேற்புறத்தைக் கைகளால் பற்றித் தொங்குகிறாள்.

சுவரை வெறும் துணியாக எடுத்துக்கொள்ளாமல் அதன் பொந்தையும் காரை உதிர்ந்த இடத்தையும் கறையையும் படத்துக்குள் சேர்த்துக்கொண்டதில்தான் இவருடைய திறமை இருக்கிறது. படத்தைச் சுற்றி எல்லைக்கோடோ வெள்ளைப் பின்னணியோ கிடையாது. பழைய சுவரே பின்னணி. பின்னால் வந்த பல நகல் ஓவியங்கள் புதுப்பெயின்ட் அடித்த சுவரில் பொம்மை ஒட்டியதுபோல நிற்பதற்குக் காரணம் இதைக் கவனிக்காததே.

இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிளில் நாமும் கைவைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். கையில் கேமரா உள்ள தொலைபேசி பரவிய அதே ஆண்டுகளில் இந்த ஓவியங்கள் வந்தன. ஆர்மேனியன் தெருவில் வரிசையில் நின்று படம் எடுக்கும் வழக்கம் அப்படித் தொடங்கியது.

அடுத்த ஆண்டு விழாவில், தெருவிலங்குகளுக்காக இயங்கும் ஓவியர் குழுவொன்று நகரெங்கும் பூனைகளை வரைந்தது. உள்ளூர் ஓவியர் லூயிஸ் கான் வரைந்த, நிஜ ஊஞ்சலில் ஆடும் அண்ணன் தங்கை ஓவியமும் மிகப் பிரபலம். ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா கிளாங் தெருவில் பெரிய அளவில் வரைந்திருப்பது ஓர் இந்தியப் படகோட்டியின் உருவம். பினாங்குத் துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் தமிழர்கள் பலர் இருந்தார்கள். தமிழ்ப் பயணிகள் தேடிப் பார்க்கவேண்டிய சுவர் என்று இதைச் சொல்லலாம்.

எது வரையலாம், எது கூடாது

ஜக்காரெவிச் 2013 நவம்பரில் ஜோகூர் பாருவில் ஒரு சுவரின் மூலையில் ஓவியம் வரைந்தார். ஒரு பக்கம் விலையுயர்ந்த கைப்பையுடன் நடந்துவரும் லெகோ பொம்மைப் பெண், மூலைக்கு மறுபக்கம் கத்தியுடன் காத்திருக்கும் லெகோ பொம்மைத் திருடன். அந்நகரின் வழிப்பறிகளைக் குத்திக்காட்டிய அந்தப் படத்தை நகராட்சி சில நாட்களில் வெள்ளையடித்து மறைத்துவிட்டது. ஆனால் அதற்குள் இணையத்தில் உலகம் முழுவதும் பரவியிருந்தது.

ஓவியர் ஒருவரே. சிரிக்கும் குழந்தைகளை வரைந்தபோது அரசு வரவேற்றது. திருடனை வரைந்தபோது சுண்ணாம்பு வாளி வந்தது. அழைப்பின்பேரில் வரையப்படும் பொதுக்கலைக்கும் அழையாமல் வரையப்படும் தெருக்கலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ஏன் உரிகின்றன?

சுவரோவியம் என்றதும் நமக்குச் சித்தன்னவாசல் நினைவுக்கு வரும். ஆயிரம் ஆண்டு தாங்கும் என்ற எண்ணமும் கூடவே வரும். ஜார்ஜ் டவுன் ஓவியங்கள் சில ஆண்டுகளிலேயே வெளுக்கத் தொடங்கின. வெயிலும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையும், கடற்காற்றின் உப்பும் பாதிக் காரணம். மறுபாதி சுவருக்குள் இருக்கிறது.

கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. இவ்வகைச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு தன் மேற்பரப்பு வழியாக அதை ஆவியாக வெளியேற்றும். சுண்ணாம்புப் பூச்சு இதற்கு வழிவிடும். இக்கால நெகிழி வண்ணங்கள் சுவரின்மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிந்து அந்த வழியை அடைத்துவிடுகின்றன. உள்ளே சிக்கிய ஈரம் உப்பைக் கொண்டுவந்து தோலுக்கு அடியில் படிகமாக்கும். வண்ணம் கொப்பளித்து, காரையையும் சேர்த்துக்கொண்டு விழும். நம் ஊரில் சுண்ணாம்படித்த பழைய வீட்டுக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து, அடுத்த மழைக்காலத்திலேயே சுவர் பொரிந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே பாரம்பரிய வீட்டின்மேல் பெரிய ஓவியம் வரைவது அந்த வீட்டுக்கே தீங்காகலாம்.

கைகளால் வரும் சேதம் தனி. ஓவியக் குழந்தையின் தோளில் கைபோட்டுப் படம் எடுப்பவர் ஒருவர் அல்லவே. 2016-இல் ஜக்காரெவிச் தம் ஓவியங்கள் சிலவற்றைப் புதுப்பித்தார். பெனாங் சாலையில் ரிக்‌ஷாவில் சாய்ந்து சவாரிக்குக் காத்திருக்கும் முதியவரின் பெரிய உருவம் போன்றவை வெகுவாக மங்கின. சியூ படகுத்துறையில் இருந்த, படகில் செல்லும் குழந்தைகள் ஓவியம் அழிந்தே போயிற்று.

படம் யாருக்குச் சொந்தம்?

சைக்கிள் குழந்தைகள் இன்று சட்டையிலும் சாவிக்கொத்திலும் குளிர்பெட்டிக் காந்தத்திலும் விற்கப்படுகிறார்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் நிரந்தரமாக அமைந்த கலைப்படைப்பைப் படியெடுத்து விநியோகிக்க விலக்கு தருகிறது. நான்கு ஆண்டில் உரியும் ஓவியம் ‘நிரந்தரமாக’ அமைந்ததுதானா என்பது வழக்கறிஞர்களுக்கு நல்ல கேள்வி. 2025-இல், தம் சைக்கிள் ஓவியத்தை விமானத்தின்மேல் பயன்படுத்தியதாக ஒரு விமான நிறுவனத்தின்மீது ஜக்காரெவிச் வழக்குத் தொடுத்தார். இந்தியச் சட்டம் வேறு மாதிரி. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொது இடத்திலுள்ள சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட அனுமதிக்கிறது. அந்தச் சலுகை சுவரோவியத்துக்குச் சொல்லப்படவில்லை. பள்ளி மலருக்குத் தெருவோவியப் படம் போடும் மாணவர்கள் ஓவியர் பெயரையாவது அடியில் குறிப்பிடுவது நல்லது.

சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள்

இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசும் பயணக்குறிப்புகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது வாடகைக் கதை. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உரிமையாளர் இஷ்டம்போல் உயர்த்த முடியாது. தையற்காரர், தகரவேலைக்காரர், ஊதுபத்தி செய்பவர், தள்ளுவண்டி உணவு விற்பவர் எல்லாரும் நகரின் நடுவிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்க முடிந்தது அதனால்தான். வீடுகள் பழுதடைந்ததற்கும் அதுவே ஒரு காரணம். வராத வாடகைக்கு உரிமையாளர் ஓடு மாற்றுவாரா?

அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு முற்றிலும் இல்லாமல் போனது. வாடகை பல மடங்காக, குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ தகுதி, 2012-இல் ஓவியங்கள், பின்னாலேயே தங்கும் விடுதிகளும் காப்பிக்கடைகளும். குடியிருப்போர் வெளியேறியதற்கு ஓவியங்கள் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. வெளியேற்றம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் ஓவியம் உள்ள சந்தின் மதிப்பு ஏறியதை மறுக்கவும் முடியாது. சைக்கிள் ஓட்டும் குழந்தைகளும் ரிக்‌ஷாக்காரரும் சுவரில் வந்து சேர்ந்த காலம், அப்படிப்பட்டவர்கள் அந்தத் தெருக்களில் குறைந்துகொண்டிருந்த காலம்.

பார்க்கச் செல்வோருக்கு

ஆர்மேனியன் தெரு, ஆ குவீ தெரு, கேனன் தெரு மூன்றும் பக்கம் பக்கமாக உள்ளவை. ஒரு மணி நேரத்தில் நடந்தே பார்க்கலாம். முன்ட்ரி தெருவையும் சூலியா தெருவையும் சேர்த்தால் அரை நாள். கடைகள் திறக்கும் முன் காலையில் போனால் வரிசை இராது, வெயிலும் தணிந்திருக்கும். ஓவியத்தின் வண்ணப் பகுதியைத் தொடக்கூடாது.

சியூ படகுத்துறை கடலின்மேல் மரத்தூண்களில் நிற்கும் குடியிருப்பு. அங்கே ஓவியத்தைத் தேடி வந்தவர்கள் வீட்டு வாசல்களுக்குள்ளும் கேமராவை நீட்டியதால், படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைக்கும் நிலை குடியிருப்போருக்கு வந்தது. படகுக் குழந்தைகள் இப்போது அங்கே இல்லை. வீடுகளில் மக்கள் இருக்கிறார்கள்.