பழி டைனமோமேல், பழுது எர்த்தில்

காஞ்சிபுரத்தில் பட்டு தெரிந்தவர்கள் ஜரிகையைச் சோதிக்கும் விதம் ஒன்று உண்டு. இழையின் முனையை நகத்தால் சுரண்டுவார்கள். மேல் மினுமினுப்பு உரிந்து உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் சரி. வேறு நிறம் தெரிந்தால் மேற்கொண்டு பேச்சே கிடையாது. இப்படிச் சுரண்டிப் பார்க்கும் ஊரில்தான், கார் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் எதையும் பார்க்காமல் தீர்ப்பு வந்துவிடுகிறது: "டைனமோ போயிடுச்சு சார், மாத்திடலாம்."

எங்களுக்கும் அதே தீர்ப்புதான் வந்தது. ஒரு வைகாசி முகூர்த்த நாளில், காந்தி ரோட்டு நெரிசலில் வண்டி நின்றுபோனது. இரண்டு மாதத்தில் அது மூன்றாவது தடவை. பேட்டரியை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. அடுத்தது டைனமோதான் என்றார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவு. மனசு ஒப்பாமல், ஓரிக்கைப் பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். "இருங்க சார், மொதல்ல அளந்துடுவோம்" என்று மல்டிமீட்டரை எடுத்தார்.

இன்றைய கார்களில் இருப்பது டைனமோ அல்ல, ஆல்டர்னேட்டர். பழைய பெயர் பட்டறையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கம்பிச்சுருளுக்குள் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டதுதான் இதற்கும் அடிப்படை. என்ஜின் பெல்ட் சுழற்ற, உள்ளே மாறுமின்சாரம் பிறக்கிறது. அதை டயோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. வோல்டேஜ் ஏறாமல் இறங்காமல் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் இதைத் தயாரிக்கிறது. பொருள் இவ்வளவு பக்கத்தில் கிடைப்பதால்தானோ என்னவோ, மாற்றுவதும் நமக்குச் சுலபமாகிவிட்டது.

எலெக்ட்ரீஷியன் முதலில் என்ஜினை ஓட்டாமல் பேட்டரியை அளந்தார். இரவு முழுக்க சும்மா நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. சார்ஜ் போட்டு எடுத்த பிறகும் பத்தரைக்கு மேல் ஏறவில்லை என்றால், ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட் என்பதால் கணக்கு நேராக வந்து நிற்கும். அப்போது டைனமோ நிரபராதி.

எங்கள் பேட்டரி 12.3 காட்டியது. என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். பேட்டரியில் 13.0; குறைந்தது 13.8-ஆவது இருக்க வேண்டும். முதலில் பார்த்தவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் போலும். இவர் மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் கறுப்பு முனையை அதன் உடம்பிலும் வைத்தார். 14.4!

பிறக்கும் இடத்தில் 14.4, போய்ச்சேரும் இடத்தில் 13.0. நடுவில் 1.4 வோல்ட் எங்கே போனது? பாசிட்டிவ் வயரின் இரு முனைகளுக்கும் இடையே 0.2, அது பரவாயில்லை. என்ஜின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 1.2. அங்கேதான் திருட்டு. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். செம்புப் பின்னல் பச்சை பூத்து, அடியில் துரு ஏறிக் கிடந்தது. ஓமின் விதிப்படி 60 ஆம்பியர் ஓடும் வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் காணாமல் போகும். அந்த 72 வாட்டும் வீண் சூடு. ஆல்டர்னேட்டருக்கோ இது தெரியாது; தன் வாசலில் 14.4 இருக்கும்வரை அது திருப்தியாக இருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாததும் அதனால்தான்.

உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, புதுப் பட்டை மாட்டினார். பேட்டரியில் 14.2 வந்தது.

பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் சார்ஜ் குறையும். அது கண்ணுக்கே தெரியும். டயோடு ஒன்று போயிருந்தால், ஓடும் வண்டியின் பேட்டரியில் மீட்டரை மாறுமின்சார அளவில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். அப்போது டைனமோவைத் தாராளமாகக் கழற்றலாம். புது கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏற்றி இறக்குகிறது. அவற்றில் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது.

ஒன்றை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்குதா பாப்போம்" என்று சோதிப்பார்கள். நிஜ டைனமோ காலத்துப் பழக்கம் அது. இன்று அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும்; காரின் கம்ப்யூட்டர் போனால் டைனமோ விலையே பரவாயில்லை என்றாகிவிடும்.

அடுத்த தடவை பட்டறையில் டைனமோ போச்சு என்றால், "டைனமோவில எவ்வளவு காட்டுது, பேட்டரியில எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் கைக்கு வந்த பிறகு விலையைப் பேசுங்கள்.