சக்கர நாற்காலிச் சின்னம் சொல்வதென்ன?

செராஸ் வட்டாரத்தில் பேரங்காடிகளும் மருத்துவமனைகளும் எம்.ஆர்.டி. நிலையங்களும் பல உள்ளன. அவற்றின் வாகன நிறுத்துமிடங்களில், சக்கர நாற்காலிச் சின்னம் வரையப்பட்ட சில இடங்களைக் காணலாம். அவை மாற்றுத்திறனாளிகளுக்காக ஒதுக்கப்பட்டவை. அச்சின்னத்தின் முதல் வடிவத்தை 1968ஆம் ஆண்டில் சூசன் கோஃபட் என்னும் டென்மார்க் நாட்டு மாணவி வரைந்தார். இன்று அது உலகெங்கும் அறியப்பட்ட சின்னமாகும்.

இவ்விடங்கள் ஏன் அகலமாக அமைக்கப்படுகின்றன? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சாதாரண நிறுத்துமிடத்தின் அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர். மைவி மகிழுந்தின் அகலமோ ஏறக்குறைய 1.7 மீட்டர். எனவே, அடுத்தடுத்து நிற்கும் இரு மகிழுந்துகளுக்கிடையே சுமார் 80 சென்டிமீட்டர் இடைவெளியே இருக்கும். நடக்க இயன்றவர் கதவைப் பாதியளவு திறந்து, உடலை ஒடுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவரால் அவ்வாறு இறங்க இயலாது. அவர் கதவை முழுமையாகத் திறந்து, நாற்காலியை இருக்கைக்கு அருகில் நிறுத்தி, அதில் மாறி அமர வேண்டும். இதற்குச் சுமார் 1.2 மீட்டர் இடைவெளி தேவை. நிறுத்துமிடத்தின் அருகே கோடுகள் வரையப்பட்ட பகுதி இதற்காகவே விடப்படுகிறது.

செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை 2012ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. இத்தகைய மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றுத் தேறியவர்களுள் சிலர், கைகளாலேயே இயக்கும் கருவி பொருத்திய மகிழுந்தை ஓட்டி வேலைக்குச் செல்கின்றனர். கோடிட்ட பகுதியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலும், அவர்களால் தங்கள் மகிழுந்திலிருந்து இறங்க முடியாது. வேலை முடிந்து திரும்பும்போது ஏறவும் முடியாது. "இரண்டு நிமிடம்தானே!" என்று நாம் நினைக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தில் ஒருவர் வந்த வழியே திரும்பிச் செல்ல நேரிடலாம்.

பொது வசதிகளைச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 உறுதிப்படுத்துகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. எனினும், 2008ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது மீறுவோருக்கான தண்டனை அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, கட்டட நிருவாகத்தின் கண்காணிப்பும் மக்களின் பொறுப்புணர்வும் இன்றியமையாதவை.

தரையில் சின்னம் வரைவது மட்டும் போதாது. நிறுத்துமிடத்திலிருந்து மின்தூக்கி வரை படிகளற்ற பாதை வேண்டும்; மழையில் நனையாதிருக்கக் கூரை வேண்டும்; கட்டணப் பொறி அமர்ந்தபடியே எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

மாணவர்களும் இதில் பங்காற்றலாம். ஒதுக்கப்பட்ட இடத்தில் வாகனத்தை நிறுத்த வேண்டாம் எனக் குடும்பத்தாரிடம் பணிவுடன் எடுத்துரைக்கலாம். இடம் மறிக்கப்பட்டிருந்தால் காவலரிடம் தெரிவிக்கலாம். அதே வேளையில், வெளித்தோற்றத்தைக் கொண்டு எவரையும் குறை கூறக் கூடாது. செயற்கைக் கால் பொருத்தியவர் நம்மைப் போலவே நடந்து வரக்கூடும். காலியாகக் கிடக்கும் அந்த இடம் வீணாகக் கிடப்பதன்று. வரப்போகும் ஒருவருக்காகக் காத்திருப்பது.