கொங்குதேச ராஜாக்கள்: கையெழுத்துப் படிகளும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

கோலார் தங்கவயலை அடுத்துள்ள கோலார் நகரம் கல்வெட்டுகளில் குவளாலம் எனப்படுகிறது. மேலைக் கங்கர் தம்மைக் குவளாலபுரத்தின் தலைவர் என்று கூறிக்கொண்டனர். அம்மரபினரைத் தமிழ் உரைநடையில் வரிசைப்படுத்தும் நூல் 'கொங்குதேச ராஜாக்கள்'. கந்தபுரத்தில் முடிசூடிய அரசர்கள் பின்னர்த் தலைக்காட்டில் தங்கி ஆண்டதாக அந்நூல் கூறும். காலின் மெக்கன்சி (1754–1821) திரட்டிய சுவடிகளின் வழியே இது ஆய்வுலகை அடைந்தது. எல்லை அளக்க வந்த ஜான் வாரன் 1802இல் மாரிக்குப்பம் பகுதியில் பொன் கலந்த மண்ணைச் சோதித்த காலத்தில், மெக்கன்சியின் உதவியாளர்கள் மைசூர்ப் பகுதியில் சுவடிகளைத் தேடிக்கொண்டிருந்தனர். இத்தகைய படிகளை மொழிபெயர்ப்போர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

2. படியெடுத்தலும் எழுத்து மரபும்

மெக்கன்சி தொகுப்பில் ஓலைகளும் உண்டு. ஓலையிலிருந்து தாளுக்கு மாற்றியவையும் உண்டு. சிதைந்துவந்த தாட்படிகள் பலவற்றை வில்லியம் டெய்லர் 1830களில் மீண்டும் எழுதுவித்தார். எனவே நம் கைக்கு வருவது பல இடங்களில் படியின் படியே ஆகும்.

ஓலையில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில், நெடில் வேறுபாடு காட்டப்படாது. ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே 'கெடு', 'கேடு' இரண்டும் ஒன்றாகத் தோன்றும். 'தா', 'தர', 'தர்' மூன்றும் அவ்வாறே. தொல்காப்பியமும் நன்னூலும் எகர ஒகரக் குறில்களுக்கும் மெய்க்கும் புள்ளி விதித்துள்ளன. நன்னூலை இயற்றுவித்த சீயகங்கன் தானும் குவளாலபுரத் தலைவன் என்னும் பட்டத்தைத் தாங்கியவன் என்பது இங்கு எண்ணத்தக்கது. விதி இருந்தும் எழுதுவோர் வழக்கு வேறாயிற்று.

தாளில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளியும் நெடிற்குறியும் படியெடுத்தோரின் முடிவாக இருக்கக்கூடும். அவ்வகையில் படியெடுத்தலே முதற்பொருள்கோள் எனலாம். பொதுச்சொற்களில் சூழல் நமக்கு உதவும். ஆட்பெயர், ஊர்ப்பெயர்களில் அத்துணை இல்லை. 'கொங்கணி'யா 'கோங்கணி'யா என்பதை அத்தொடர் மட்டும் உணர்த்தாது.

3. எண்கள்

தமிழெண்கள் பல எழுத்துகளின் வடிவை ஒத்தவை. ஒன்றைக் குறிக்கும் ௧ ககரம் போன்றது. இரண்டு உகரம், ஏழு எகரம், எட்டு அகரம், பத்து யகரம் போன்றவை. எண்ணின் தொடக்கமோ முடிவோ மயங்கினால் ஆட்சியாண்டு மாறிவிடும். மொழிபெயர்ப்பில் அது ஐயமற்ற எண்ணாக அமர்ந்துவிடும்.

4. ஒற்றைச் சான்றின் இடர்

எழுத்தைச் சரியாகப் படித்தாலும் இடர் தீர்வதில்லை. ஜான் டவ்சன் 1846இல் இந்நூற்செய்திகளைச் சேர அரசின் வரலாறாகக் கொண்டு எழுதினார். கொங்கினைச் சேரருடன் இணைத்து நோக்கியதால் கங்கர் சேரராயினர். பின்னர்க் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் வெளிவந்தபோதே இக்கருத்து கைவிடப்பட்டது. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி 1905இல் வெளிவந்தது. அதில் தமிழ்க் கல்வெட்டுகளும் பல உள்ளன.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகர வரலாற்றை எழுதிய ஜொவான்னி வில்லானி 1348இல் இறந்தார். அவர் நூலுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் உள்ளன. ஒரு படியின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். தமிழ் வரலாற்று உரைநடைகள் பலவற்றுக்கு ஓரிரு படிகளே கிடைக்கின்றன. அக்குறையைக் கல்வெட்டுகளைக் கொண்டே ஓரளவு ஈடுசெய்ய இயலும்.

5. முடிவுரை

மொழிபெயர்ப்போர் மூன்றைப் பின்பற்றுதல் நலம். முதலாவது, படியில் உள்ளதை உள்ளவாறே ஒருமுறை எழுதிக்கொள்ளல். இரண்டாவது, புள்ளியும் நெடிலும் இட்ட வடிவத்தைத் தம் முடிவெனத் தனியே காட்டல். மூன்றாவது, பெயர்களையும் ஆண்டுகளையும் கல்வெட்டுடன் ஒப்பிட்டு, ஒவ்வாதவற்றைத் திருத்தாமல் குறிப்பிடல். இவ்வாறு செய்யாவிடில், படியெடுத்தவர் கொண்ட பொருளை ஆசிரியர் கூற்றாகவே நாம் பிறமொழியினர்க்கு வழங்கியவராவோம்.