கீமோ தந்த மறதிக்குக் கொஞ்சம் நடை!

குக்கரை அடுப்பில் ஏற்றியாச்சு. வெயிட் போட்டோமா, இல்லையா? ஞாபகமில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டு இருக்கும்போதே, அவர் பெயர் மறந்துபோகிறது.

மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கும் பெண்கள் பலருக்கும் இந்த அவஸ்தை உண்டு. வீட்டில் என்ன சொல்வார்கள்? 'எப்பப் பாரு அதையே நினைச்சுட்டிருந்தா இப்படித்தான்!' பாவம், அவர் மேல் தப்பே இல்லை. 'கீமோ ப்ரெய்ன்' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. ஆனால், பழி முழுவதையும் கீமோதெரபி மேல் போட முடியாது. சிலருக்கு முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே மந்தம் தெரிகிறது. ஹார்மோன் மாத்திரை, ரத்தசோகை, தூக்கமின்மை, கவலை... எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பலருக்கு சிகிச்சை முடிந்த சில மாதங்களில் தெளிந்துவிடும். சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

'இதுக்கு மாத்திரை இல்லையா?' என்பீர்கள். இதற்கென்றே நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்னும் வரவில்லை. டாக்டர்களின் பார்வை இப்போது உடற்பயிற்சிப் பக்கம் திரும்பியிருக்கிறது.

கனடாவில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த 57 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2025-ல் வெளியானது. சிகிச்சையின்போதே மூச்சு வாங்கும் பயிற்சிகளைச் செய்தவர்கள், 'ஞாபகம் பரவாயில்லை, மூளை தெளிவா இருக்கு' என்று உணர்ந்தார்கள். ஆனால், பரீட்சை மாதிரி வைத்துச் சோதித்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! அப்புறம் எதற்கு இந்தப் பயிற்சி என்று கேட்காதீர்கள். அன்றாட வேலையில் தடுமாற்றம் குறைவதாகத் தோன்றுவதே பெரிய நிம்மதிதானே! அதோடு, உடற்பயிற்சியால் அசதியும் மனக்கலக்கமும் குறைகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. அசதி குறைந்தாலே பாதி மறதி ஓடிவிடும் என்பது என் கட்சி.

எவ்வளவு செய்வது? வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் வேக நடை. 2019-ல் நிபுணர்கள் அசதிக்காகச் சொன்ன அளவு இது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். எடுத்த எடுப்பில் அரை மணி வேண்டாம். மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். கீமோ ஏறிய அடுத்த இரண்டு மூன்று நாள் உடம்பு துவண்டு கிடக்கும். அப்போது ஐந்து நிமிஷம் போதும். கணவரோ மகளோ கூடவே நடந்தால் இன்னும் நல்லது. 'போயிட்டு வாம்மா' என்று அனுப்பிவிட்டு டி.வி. முன்னால் உட்காராதீர்கள்!

முக்கியமான விஷயம், டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது. எலும்புக்கு நோய் பரவியிருந்தால் சில பயிற்சிகள் ஆகாது. தட்டணுக்களோ ஹீமோகுளோபினோ ரொம்பக் குறைந்திருந்தாலும் அவர் சொல்படிதான். கால் மரத்துப் போகிறவர்கள் வழுக்காத செருப்பு போட்டு, சமதரையில் நடக்கவும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடையாவது ஒன்றாவது? உடனே ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள்.

திடீர்க் குழப்பம், கடும் தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கம் கை கால் தளர்வது... இதையெல்லாம் 'கீமோ மறதி' என்று ஒதுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.