மாடிப்படி ஏறத் தெம்பில்லையா?

1919-ம் ஆண்டு. பெர்லின் நகரில் எலும்பு வளைந்த குழந்தைகள் ஏராளம். குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற டாக்டர், சில குழந்தைகள் மேல் விளக்கு வைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். எலும்பு தேறியது! ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும், மறு கையும் குணமாயிற்று. தோலில் உண்டான ஏதோ ஒரு சத்து ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போயிருக்கிறது. அதுதான் வைட்டமின் 'டி'.

இது மிகவும் குறைந்தால் எலும்பு மட்டுமல்ல, தசையும் தளரும். முக்கியமாகத் தொடையும் இடுப்பும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றித்தான் எழுவார். "வயசாகிவிட்டது" என்று வீட்டார் சும்மா இருந்துவிடுவார்கள்.

வெயில் கொளுத்தும் நம் நாட்டிலும் இந்தக் குறை உண்டு. வீட்டுக்குள்ளேயே இருந்தால் வெயில் என்ன செய்யும்? கண்ணாடி ஜன்னலும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

ரத்தசோகையிலும் சோர்வு வரும். ஆகவே டாக்டரைக் கேட்டுத்தான் மாத்திரை. அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறி, சிறுநீரகம் கெடும்.