நாய்க்குத் தாங்கும் வழியே நல்ல வழி

அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளின் மஞ்சள் நிறம், 1939-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில் முடிவானது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஓடியதும் இந்தப் பேருந்துகளைப் பள்ளி நிர்வாகங்கள் ஏலம் விட்டுவிடுகின்றன. ஏலம் எடுப்பவர்களில் ஒரு சாரார் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, வேறு வண்ணம் பூசி, வண்டியையே வீடாக்கிக்கொள்கிறார்கள். பிறகு பிள்ளைகள், நாய், பூனை சகிதம் மாதக்கணக்கில் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வண்டிகளுக்கு அங்கே 'ஸ்கூலி' என்று பெயர். படுக்கை எங்கே, சோலார் பலகை எத்தனை என்று மாதக்கணக்கில் திட்டமிடும் பலர், நாய் எங்கே இருக்கும் என்பதைக் கிளம்பும்போதுதான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். வாயில்லா ஜீவனுக்கு எது தாங்குமோ அதை வைத்து வண்டியையும் வழியையும் முடிவு செய்தால், பிள்ளைகளுக்கும் அதுவே பாதுகாப்பாக அமையும்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். சுற்றியுள்ள காற்றே சூடாகிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தட்டை மூக்குள்ள பக், புல்டாக் இனங்கள் அதற்கு முன்பே தவித்துப்போகும். வெளியே 21 டிகிரி இருக்கும் இதமான நாளில்கூட, நிறுத்திவைத்த காரின் உள்ளே பத்து நிமிடத்தில் 32, அரை மணியில் 40 டிகிரி ஆகிவிடும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் எச்சரிக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. பேருந்து காரைவிடப் பெரியது, சூடேற நேரமாகும் என்பது உண்மைதான். ஆனால் தலைக்கு மேல் இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி என்று அமைந்த வண்டி, ஏறிய சூட்டை லேசில் விடாது. உள்கூரைத் தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பஞ்சை உருவிவிட்டு, புதிதாக வெப்பத் தடுப்பு நுரை அடிப்பது அலுப்பான வேலை. முடிந்த பிறகு கண்ணுக்கும் தெரியாது. இருந்தாலும் அழகான சமையல் மேடைக்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

ஏ.சி. இருக்கிறதே என்பார்கள். கூரை ஏ.சி. மின்சாரத்தை விழுங்கும் சாதனம். பேட்டரியில் மட்டும் ஓடினால் நெடுநேரம் தாங்காது. முகாம் மைதானத்தின் மின் இணைப்பில் மாட்டிவிட்டு வெளியே போனால், மின்சாரம் நின்றுபோவது வெளியே போனவர்களுக்குத் தெரியாது. செல்போனுக்குத் தகவல் அனுப்பும் வெப்பமானிகள் உண்டு. சிக்னல் இல்லாத காட்டில் அவற்றால் பயனில்லை. ஆகவே உண்மையான குளிர்சாதனம் வழியும் பருவமும்தான். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஜூலைப் பகல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி. அங்கிருந்து 230 கிலோமீட்டரில், 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாக்ஸ்டாஃபில் அதே மாதம் 28 டிகிரிதான். மூன்று மணி நேர ஓட்டம், அவ்வளவுதான். கோடையில் மலைக்கு, குளிரில் தெற்கே பாலைவனத்துக்கு என்று போகிறவர்களின் நாய்க்கு ஏ.சி. தேவைப்படும் நாட்களே குறைவு.

அடுத்து, வண்டி ஓடும்போது யார் எங்கே இருப்பது என்ற கேள்வி. பள்ளிப் பேருந்தின் பாதுகாப்பு அதன் மஞ்சள் நிறத்தில் மட்டும் இல்லை. உயரமான, மெத்தை வைத்த முதுகோடு நெருக்கமாக அடுக்கிய இருக்கைகளில்தான் அதன் பெரும்பங்கு இருக்கிறது. மோதலில் முன்னே பாயும் குழந்தையை எதிர் இருக்கையின் முதுகு தாங்கிக்கொள்ளும். வண்டியை வீடாக்கும்போது முதலில் கழற்றி எறிவது அந்த இருக்கைகளைத்தான்! அந்த இடத்தில் வருவது பலகையில் ஆணி அடித்த சோபா. பக்கவாட்டில் பார்த்த சோபாவில் குழந்தைக்கான கார் இருக்கையைப் பொருத்தவே கூடாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், கட்டாமல் விட்ட 25 கிலோ நாய் அதே வேகத்தில் ஓட்டுநரை நோக்கிப் பறக்கும். எனவே நாயின் கூண்டு வண்டியின் சட்டத்தோடு போல்ட்டில் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்காகத் தளத்தைத் துளைக்கும் அதே நாளில், முன்னோக்கிய இருக்கைகளுக்கும் சீட் பெல்ட்டுகளுக்கும் முறையான பிடிமானம் அமைத்துவிடலாம். துருவும் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.

இனி வழி. 1960-இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், சார்லி என்ற தன் பூடில் நாயோடு, மேலே சிறு வீடு கட்டிய பிக்கப் லாரியில் அமெரிக்காவைச் சுற்றினார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடிகளைக் கண்டதும் சார்லி வெறிபிடித்ததுபோல் குரைக்க, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இன்று அங்கே நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சாலையிலிருந்தும் வாகன நிறுத்தத்திலிருந்தும் சுமார் 30 மீட்டருக்குள்தான் நிற்கலாம். நடைபாதைகளில் அனுமதி இல்லை. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் நாய்க்குத் திறந்திருப்பவை இரண்டே பாதைகள். பேருந்துக்கும் தடை உண்டு: கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற மலைச் சாலையின் உச்சிப் பகுதியில் 6.4 மீட்டருக்கு மேல் நீளமான வண்டி போகக் கூடாது. பெரிய ஸ்கூலி 12 மீட்டர் வரை நீளும். புகழ்பெற்ற பூங்காக்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு கிளம்பும் குடும்பம், நாயைத் தினமும் வண்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். தேசியக் காடுகளிலும் கூட்டாட்சி அரசின் பொது நிலங்களிலும் இந்தக் கெடுபிடி வெகு குறைவு. தேசியக் காடுகள் மட்டும் 19 கோடி ஏக்கருக்கு மேல் பரந்திருக்கின்றன; பொது நிலங்களில் பல இடங்களில் கட்டணமின்றி 14 நாள் வரை தங்கலாம். கனடாவுக்குள் போய்த் திரும்புவதானால், 2024 ஆகஸ்ட் முதல் நாய்க்கு மைக்ரோசிப்பும், ஆறு மாத வயதும், பூர்த்தி செய்த படிவமும் கட்டாயம்.

எல்லாவற்றையும் நாயை வைத்தே முடிவு செய்தால் பயணத்தில் என்ன சுதந்திரம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பயணப் பட்டியலில் இருந்து கிராண்ட் கேன்யனின் அடிவாரம் போகும், ஆகஸ்ட் மாத டெக்சாஸ் போகும். ஆனால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நிறுத்துவது, பகல் உச்சிக்கு முன் நிழலில் சேர்வது, ஒரே இடத்தில் பல நாள் தங்குவது ஆகியவை நாய்க்கு எவ்வளவு தேவையோ, ஆறு வயதுக் குழந்தைக்கும் அவ்வளவு தேவை. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டரே போகும் டீசல் வண்டியில், மெதுவாகப் போவது பணத்தையும் மிச்சப்படுத்தும். வளர்ப்பு விலங்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் கருணை என்ற வாதத்துக்கு மட்டும் ஒரே பதில் கிடையாது. பெரும்பாலான நாய்கள் தம் மனிதர்களைச் சார்ந்து வாழ்கின்றன. அவர்கள் அருகில் இருந்தால் புது இடத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. பூனைக்குத் தன் இடம்தான் உலகம். இளம் பூனையைப் பழக்கலாம். நிறுத்திவைத்த வண்டியில் சில வாரம் வைத்து, இன்ஜின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க வைத்த பிறகே கிளம்ப வேண்டும். இடம் மாறினால் சாப்பாட்டைத் தொடாத வயதான பூனை உங்கள் வீட்டில் இருந்தால், பேருந்தை இப்போது வாங்காதீர்கள்.