ஏழு முறை தோற்றார்கள், கோப்பையை வென்றார்கள்!

பொங்கல் வந்து விட்டால் திருநாவலூர், உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் கபடிப் போட்டிக்குப் பஞ்சம் இல்லை. ஊர்ப் பொது இடத்தில் கோடு கிழித்து விடுவார்கள். ஒலிபெருக்கி அலறும். பெரியவர்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"யாருப்பா அந்தப் பிள்ளை? புலி மாதிரி பாயுதே! நம்ம ஊரா?"

"இல்லை, ஆயா. சேலத்துப் பக்கம். பணம் கொடுத்துக் கூட்டி வந்திருக்காங்க."

"அப்படின்னா அந்தப் பிள்ளை ஜெயிச்சா, நம்ம ஊரு ஜெயிச்ச மாதிரி ஆகுமா?"

பேரனுக்குப் பதில் தெரியாது. சிரித்து மழுப்பி விடுவான்.

ஆயா கேட்டது சின்னக் கேள்வி அல்ல. 150 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் எழுந்த கேள்வி அது. 2010-ம் ஆண்டு சென்னையிலும் அதே கேள்வி எழுந்தது. சென்னையில் அதற்கு என்ன பதில் கிடைத்தது? அதுதான் இந்தக் கதை.

சிவப்புக் காலுறை அணி

அமெரிக்காவில் "பேஸ்பால்" என்று ஒரு ஆட்டம் உண்டு. ஒருவர் பந்து எறிவார். இன்னொருவர் உருண்டையான தடியால் அதை அடித்து விட்டு ஓடுவார். கிரிக்கெட்டுக்குப் பங்காளி என்று சொல்லலாம்.

ஆரம்பத்தில் இதைப் பணத்துக்காக ஆடுவது கேவலம் என்று நினைத்தார்கள். மறைவில் காசு கை மாறும். வெளியில் சொல்ல மாட்டார்கள்.

1869-ம் ஆண்டு சின்சினாட்டி என்ற நகரம் அந்தத் திரையைக் கிழித்தது. "எங்கள் வீரர்கள் எல்லோருக்கும் சம்பளம் உண்டு" என்று பகிரங்கமாக அறிவித்தது. சிவப்புக் காலுறை போட்டு ஆடியதால் அந்த அணிக்கு "ரெட் ஸ்டாக்கிங்ஸ்" என்று பெயர்.

அணியின் தலைவர் ஹாரி ரைட். இங்கிலாந்தில் பிறந்தவர். முன்பு நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடிச் சம்பளம் வாங்கியவர்! அவருக்கு ஆண்டுச் சம்பளம் 1,200 டாலர். அவருடைய தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். அண்ணனை விடத் தம்பிக்குத்தான் அதிகம். 10 வீரர்களில் உள்ளூர்க்காரர் ஒரே ஒருவர்தான்.

அந்த ஆண்டு 57 பந்தயங்களில் ஆடினார்கள். 57-லும் வெற்றி! ஊரே அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டு ஆடியது.

1870 ஜூன் 14-ந் தேதி புரூக்ளினில் முதல் தோல்வி வந்தது. 8-க்கு 7. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் அதன் பிறகு கூட்டம் குறைந்தது. "இவ்வளவு சம்பளம் எதற்கு?" என்று முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டோடு அணி கலைந்தது. ஹாரி ரைட் பாஸ்டன் நகரத்துக்குப் போய் விட்டார்.

ஜெயித்த வரைக்கும் "எங்கள் பிள்ளைகள்". தோற்றதும் கூலிக்காரர்கள்!

ஏலத்தில் வந்தவர்கள்

இந்தியாவில் 2008-ம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் பிறந்தது. எட்டு நகரங்கள், எட்டு அணிகள். சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. "சென்னை சூப்பர் கிங்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். சட்டை மஞ்சள் நிறம்.

பிறகு வீரர்களை ஏலம் விட்டார்கள். ஆம், ஏலம்தான்! சந்தையில் மாடு பிடிப்பது போல மனிதர்களை விலை பேசலாமா என்று பலர் முகம் சுளித்தார்கள். அன்று அதிக விலைக்குப் போனவர் டோனி. 15 லட்சம் டாலர். நம் பணத்தில் சுமார் 6 கோடி ரூபாய். அவரை எடுத்தது சென்னை.

டோனி பிறந்தது ராஞ்சியில். தமிழ் தெரியாது. ரெய்னா உத்தரப் பிரதேசத்துக்காரர். ஹைடன் ஆஸ்திரேலியர். மோர்கல் தென் ஆப்பிரிக்கர். முரளிதரன் இலங்கைத் தமிழர். சென்னையில் பெண் எடுத்தவர்.

"இது எப்படி நம் அணி ஆகும்?" என்று கேட்டவர்கள் உண்டு.

2008-ல் இறுதி ஆட்டம் வரை போனார்கள். கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் கோப்பை பறி போனது. 2009-ல் அரை இறுதியோடு சரி. மூன்றாவது ஆண்டு வந்தது.

மேலே விழுந்த அடிகள்

2010 மார்ச் 14-ந் தேதி சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம். ஐதராபாத் நகரத்தின் டெக்கான் அணியிடம் 31 ரன்னில் தோல்வி.

அடுத்து கொல்கத்தாவில் வெற்றி. ஆனால் அந்த ஆட்டத்தில் பந்து பட்டு டோனிக்குக் கையில் காயம். சில ஆட்டங்களுக்கு அவர் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. தலைமைப் பொறுப்பு ரெய்னாவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 23.

டெல்லியில் ஹைடன் அடிபாகம் குட்டையான ஒரு புது மட்டையைப் பயன்படுத்தினார். 43 பந்துகளில் 93 ரன் விளாசினார். வெற்றி!

ஆனால் அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் நிலைத்தது. மார்ச் 21-ந் தேதி சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணியுடன் ஆட்டம். அவர்கள் 136; நாமும் 136. சமம்! முடிவு காண ஆளுக்கு ஒரு ஓவர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதில் பஞ்சாப் ஜெயித்தது.

பிறகு பெங்களூரில் தோல்வி. மும்பையில் தோல்வி. ராஜஸ்தானிடம் தோல்வி. தொடர்ந்து நான்கு!

ஏழு ஆட்டங்களில் இரண்டே வெற்றி. சின்சினாட்டி ரசிகர்களாக இருந்தால் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சென்னை ரசிகர்கள் போகவில்லை. மார்ச் 31-ந் தேதி பெங்களூர் அணி சேப்பாக்கத்துக்கு வந்தபோது விசில் சத்தம் காதைத் துளைத்தது. சென்னை ஜெயித்தது.

சென்னைப் பையனின் 127

ஏப்ரல் 3-ந் தேதியை அன்று சேப்பாக்கத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எதிரே ராஜஸ்தான் அணி. மட்டை பிடித்தவர் முரளி விஜய். சென்னைப் பையன். 56 பந்துகளில் 127 ரன்! அதில் 11 சிக்சர். மறுபுறம் மோர்கல் 62 ரன். மொத்தம் 246. அதுவரை ஐ.பி.எல். பந்தயங்களில் எந்த அணியும் அவ்வளவு எடுத்தது இல்லை.

ராஜஸ்தானும் விடவில்லை. 223 வரை துரத்தி வந்து, 23 ரன்னில் தோற்றது.

விஜய் அடித்த சிக்சருக்கும் கூச்சல். மோர்கல் அடித்ததற்கும் கூச்சல். இவர் உள்ளூர், அவர் வெளியூர் என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அதே ஆட்டத்தில் இன்னொருவர் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் போலிஞ்சர். உள்ளூர்ப் பிள்ளை அஸ்வின் சுழல் வீச, இவர் வேகமாக வீச, பந்து வீச்சுக்குப் பலம் வந்தது.

கடைசி ஓவர்

ஆனாலும் வழி சுலபமாக இல்லை. 13 ஆட்டம் முடிந்தபோது 6 வெற்றி, 7 தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் வாழ்வு. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த ஆட்டம் ஏப்ரல் 18-ந் தேதி தர்மசாலாவில் நடந்தது. இமயமலை அடிவாரம். பனி மூடிய சிகரங்கள் பார்த்துக் கொண்டிருக்க, பஞ்சாப் அணி 192 ரன் குவித்து விட்டது.

சென்னை துரத்தியது. ரெய்னா 46 ரன். பத்ரிநாத் 53 ரன். இவரும் சென்னைக்காரர். பிறகு டோனி.

கடைசி ஓவர். ஆறு பந்து, 16 ரன் வேண்டும். பந்து வீசியவர் இர்பான் பதான்.

முதல் பந்து - பவுண்டரி. இரண்டாவது பந்து - 2 ரன். மூன்றாவது பந்து - சிக்சர்! இன்னும் 4 ரன்தான். நான்காவது பந்து - மறுபடி சிக்சர்! இரண்டு பந்து மிச்சம் இருக்க வெற்றி!

டோனி எதற்கும் அசையாதவர். ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. அன்று அவர் தம் தலைக் கவசத்தின் மேலேயே முஷ்டியால் குத்திக் கொண்டார். அந்த ஒரு குத்தில் ஐந்து வாரப் பாரமும் இறங்கியது. 29 பந்துகளில் 54 ரன்; ஆட்டம் இழக்கவில்லை.

சம்பளத்துக்காக மட்டும் ஆடுகிறவர் அப்படிக் குத்திக் கொள்வாரா?

7 வெற்றி, 7 தோல்வி. நான்கு அணிகள் 14 புள்ளிகளுடன் சமமாக நின்றன. அவற்றில் இரண்டுக்குத்தான் இடம். யார் எவ்வளவு வேகமாக ரன் எடுத்தார்கள், எவ்வளவு விட்டுக் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். சென்னை மூன்றாவது இடம் பிடித்து அரை இறுதிக்குள் நுழைந்தது.

பம்பாய்க் கோட்டையில்

ஏப்ரல் 22-ந் தேதி அரை இறுதி. எதிரி, முந்தைய ஆண்டு சாம்பியன் டெக்கான் அணி. அந்த ஆண்டு இரண்டு முறை சென்னையைத் தோற்கடித்த அணி! சென்னை எடுத்தது 142 ரன்தான். ஆனால் போலிஞ்சர் 13 ரன் மட்டும் கொடுத்து 4 பேரை வீட்டுக்கு அனுப்பினார். டெக்கான் 104 ரன்னில் சுருண்டது.

ஏப்ரல் 25-ந் தேதி நவி மும்பையில் இறுதி ஆட்டம். எதிரே டெண்டுல்கரின் மும்பை அணி. 14 ஆட்டங்களில் 10 வெற்றி கண்டு முதல் இடத்தில் இருந்த அணி. அவர்கள் மண்; அவர்கள் கூட்டம்.

சென்னை முதலில் ஆடியது. ரெய்னா 35 பந்துகளில் 57 ரன் எடுத்துக் கடைசி வரை நின்றார். மொத்தம் 168.

மும்பை துரத்தியது. டெண்டுல்கர் 48 ரன் எடுத்து, கோவாக்காரரான ஜகாதியின் சுழலில் வீழ்ந்தார். ஆட்டம் சென்னை பக்கம் சாய்ந்தது. அப்போது வந்தார் மேற்கிந்தியத் தீவுகளின் பொல்லார்டு. ஆறடிக்கு மேல் உயரம், இரும்புக் கை. 10 பந்துகளில் 27 ரன்! சென்னை ரசிகர்கள் நகத்தைக் கடித்தார்கள்.

டோனி ஒரு காரியம் செய்தார். பந்து வீசுபவருக்கு நேர் பின்னால், வழக்கமாக யாரும் நிற்காத இடத்தில் ஹைடனை நிறுத்தினார். மோர்கல் பந்து வீசினார். பொல்லார்டு ஓங்கி அடித்தார். பந்து நேராக ஹைடன் கைக்குள் போய் விழுந்தது!

மும்பை 146. சென்னைக்கு 22 ரன்னில் வெற்றி. முதல் கோப்பை!

கணக்குப் பாருங்கள்

அன்று ஆடிய 11 பேர் யார் யார்?

விஜய், பத்ரிநாத், அனிருத், அஸ்வின் - தமிழ்நாட்டுக்காரர்கள் 4 பேர். டோனி, ரெய்னா, ஜகாதி - மற்ற மாநிலத்தவர் 3 பேர். ஹைடன், மோர்கல், முரளிதரன், போலிஞ்சர் - வெளிநாட்டவர் 4 பேர்.

ஆக, 11-ல் 7 பேர் வெளியூர்! ஆனால் அன்று இரவு சென்னைத் தெருக்களில் பட்டாசு வெடித்தவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை.

காரணம் என்ன? சேர்ந்து ஜெயித்தது மட்டும் அல்ல, சேர்ந்து தோற்றதும்தான். சின்சினாட்டி அணி 57 முறை தொடர்ந்து ஜெயித்தது. தோல்வியை ரசிகர்களோடு பகிர்ந்து கொள்ள அதற்கு வாய்ப்பே வரவில்லை. அதனால் ஒரு தோல்வியை அந்த உறவு தாங்கவில்லை. சென்னை அணி ஏழு முறை தோற்றது. ஏழு முறையும் ரசிகர்கள் வயிறு எரிந்தார்கள். மறுநாள் திரும்ப வந்தார்கள். கஷ்டத்தில் கூட இருந்தவனைத்தானே நாம் சொந்தக்காரன் என்கிறோம்?

இந்த உறவுக்குப் பிறகு பெரிய சோதனையும் வந்தது. நிர்வாகத்தோடு தொடர்புடையவர் மீது எழுந்த சூதாட்டப் புகாரால் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அணிக்குத் தடை. அது மறைக்கக் கூடிய கறை அல்ல. 2018-ல் அணி திரும்பியது. காவிரிப் போராட்டம் காரணமாகச் சென்னை ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. மஞ்சள் சட்டை ரசிகர்கள் தனி ரயிலில் புனேக்கே போய் விட்டார்கள்! அந்த ஆண்டும் கோப்பை சென்னைக்குத்தான். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை சாம்பியன் பட்டம்.

ராஞ்சியில் பிறந்த டோனியைத் தமிழ்நாடு இன்று "தல" என்று அழைக்கிறது.

ஆயாவுக்குப் பதில்

நம் திருநாவலூரில் பிறந்தவர் சுந்தரர். ஆனால் பரவையாரை மணந்த திருவாரூர் அவரைத் தன் பிள்ளை என்கிறது. சங்கிலியாரை மணந்த திருவொற்றியூரும் அப்படித்தான் சொல்கிறது. அதற்காகத் திருநாவலூர் யாரோடும் சண்டைக்குப் போனது இல்லை. பிறந்த ஊர் ஒன்றுதான். சொந்த ஊர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது இந்த மண்ணுக்குப் பழைய செய்தி.

ஆகவே, அடுத்த பொங்கலுக்கு ஆயா மறுபடி கேட்டால் பேரன் மழுப்ப வேண்டாம். இப்படிச் சொல்லலாம்:

"அந்தப் பிள்ளை ஜெயிச்சா மட்டும் போதாது, ஆயா. தோத்த பிறகும் நாம அவனுக்கு ஒரு வாய்ச் சோறு போட்டு, அடுத்த வருஷமும் வான்னு கூப்பிட்டா, அப்போ அவன் நம்ம ஊருதான்!"